நேரலையில் ஆராதனை பார்ப்பவர்கள் வீட்டிலேயே திருவிருந்து எடுக்கலாமா?

கேள்வி: சபைச் செயலர்

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

ஞாயிறு ஆராதனையை யூடியூபில் நேரலையாக அனுப்பும் ஒரு புராட்டஸ்டண்ட் சபைக்காகக் கேட்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் திருவிருந்து (இயேசுவின் கடைசி இராவிருந்தை நினைத்து அப்பமும் திராட்சைரசமும் உண்பது) உண்டு. 2020இல் கதவுகள் அடைபட்டிருந்தபோது, "வீட்டில் அப்பமும் திராட்சைரசமும் ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று அறிவித்தார்கள். ஆலயம் திறந்து வருடங்கள் ஆகியும் அந்த அறிவிப்பு அப்படியே தொடர்கிறது. கமிட்டியில் சிலர் இது இப்படியே இருக்கட்டும் என்கிறார்கள். சிலர், வீட்டில் தானே எடுத்துக்கொள்வது திருவிருந்தே அல்ல என்கிறார்கள்.

தெரிந்தவர்கள் விளக்க வேண்டியவை: மற்றத் திருச்சபைகள் இதில் என்ன நிலை எடுத்திருக்கின்றன, ஏன்? அனுமதிக்கக் கூடாது என்றால், படுக்கையில் இருப்பவர்களுக்கு என்ன வழி? ஞாயிறு வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் பதிவைப் பார்த்து அப்பத்தை எடுக்கிறார்கள், அது சரியா? கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் மது கூடாதவர்களுக்கும் என்ன கொடுப்பது?

---

பதில்: வேதபாட ஆசிரியர்

ஐயா, "நேரலையில் பார்ப்பவர்கள்" என்று எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். அதை அவிழ்த்தால்தான் பதில் கிடைக்கும். வர முடியாதவர் ஒரு வகை. வர முடிந்தும் வராதவர் இன்னொரு வகை. எந்தச் சபையிலும் சேராமல் எங்கிருந்தோ பார்ப்பவர் மூன்றாம் வகை. மூவருக்கும் ஒரே அறிவிப்பைச் செய்வதுதான் உங்கள் கமிட்டியின் குழப்பத்துக்குக் காரணம்.

வர முடியாதவரைப் பற்றிய கேள்வி புதியதல்ல. கி.பி. 155 வாக்கில் ரோமில் எழுதிய இரத்தசாட்சி யுஸ்தீன், தம் முதல் தற்காப்புரையின் 67ஆம் அதிகாரத்தில் ஞாயிறு ஆராதனையை வரிசையாக விவரிக்கிறார்: வேதவாசிப்பு, பிரசங்கம், ஜெபம், அப்பமும் திராட்சைரசமும் தண்ணீரும் கொண்டுவருதல், நடத்துபவரின் ஸ்தோத்திர ஜெபம், ஜனங்களின் ஆமென், பங்கீடு. அதற்கு அடுத்தபடியாகவே, வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் கொண்டுபோகிறார்கள் என்று எழுதுகிறார். 325இல் பேராயர்கள் கூடிய நைசியா சங்கத்தின் 13ஆம் விதி, மரணப்படுக்கையில் இருப்பவருக்கு வழியுணவாகிய திருவிருந்தை மறுக்கக் கூடாது என்கிறது. ஆக, பந்தியை எழுந்து வர இயலாதவரிடம் கொண்டுபோவதே ஆதி வழக்கம். இந்த இரண்டு இடங்களிலும், அவரவர் வீட்டில் அவரவர் எடுத்துக்கொள்வதைப் பற்றிப் பேச்சில்லை.

இனி, இன்றுள்ள நிலைகள்.

கத்தோலிக்கத் திருச்சபை 2002இலேயே, சமூகத் தொடர்புக்கான தன் பாப்பிறைக் கழகம் வழியாக, இணையத்தில் அருளடையாளங்கள் (ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற புனிதச் சடங்குகள்) இல்லை என்று நேரடியாகச் சொல்லிவிட்டது. திரையில் திருப்பலி (கத்தோலிக்கத் திருவிருந்து ஆராதனை) பார்ப்பது ஜெபத்துக்கு உதவும், நற்கருணை (திருவிருந்தின் கத்தோலிக்கப் பெயர்) ஆகாது.

லுத்தரன்களின் 1577ஆம் வருட விசுவாச அறிக்கை, கிறிஸ்துவின் வார்த்தைகளைச் சொல்லிப் பிரதிஷ்டை செய்வது, பகிர்ந்து கொடுப்பது, உண்டு பருகுவது ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஒரே செயல் என்கிறது. மூன்றில் ஒன்றைக் கழற்றினால் அது திருவிருந்து அல்ல. போதகர் ஓர் இடத்தில் வார்த்தைகளைச் சொல்ல, வேறோர் இடத்தில் ஒருவர் தம் அலமாரியிலிருந்து ரொட்டியை எடுக்கும்போது, நடுவில் உள்ள "கொடுப்பது" விடுபடுகிறது. பெரும்பாலான லுத்தரன் வேத அறிஞர்கள் தயங்குவது இந்த இடத்தில்தான்.

பிரெஸ்பிட்டேரியன் சபைகளின் அடிப்படையான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை இன்னும் கறாரானது. 29ஆம் அதிகாரம், அந்த நேரத்தில் சபையில் இல்லாத எவருக்கும் அப்பமும் பாத்திரமும் கொடுக்கலாகாது என்கிறது. ஒருவர் தனியே எடுத்துக்கொள்வதையும் அதே அதிகாரம் மறுக்கிறது. அப்படியிருந்தும் 2020 மார்ச்சில் அமெரிக்காவின் பெரிய பிரெஸ்பிட்டேரியன் சபைப்பிரிவு, நெருக்கடி காலத்துக்கென்று இணையவழித் திருவிருந்துக்கு இடம் கொடுத்தது. மெதடிஸ்டுகளிடமும் இதே இழுபறிதான். 2013இல் ஐக்கிய மெதடிஸ்ட் பேராயர்கள் இதை நிறுத்திவைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். 2020இல் அவர்களிலேயே பலர் தற்காலிகமாக அனுமதித்தார்கள்.

ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) மரபில் 1662ஆம் வருட ஜெபப்புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். நோயாளிக்குத் திருவிருந்து கொடுக்கும் முறைமையில் நம் கேள்விக்கென்றே எழுதியதுபோல் இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. வீட்டில் கொடுக்கும்போது நோயாளியோடு சேர்ந்து உண்ண மூன்று பேர், குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் அண்டை அயலார் பயந்து வராவிட்டால், குருவானவர் மட்டுமாவது அவரோடு உண்ணலாம். இது முதல் குறிப்பு. இரண்டாவது, நோயின் கடுமையாலோ, குருவானவருக்கு நேரத்தில் தகவல் போகாததாலோ, உடன் உண்ண ஆளில்லாததாலோ ஒருவர் பெற முடியாமற்போனால், அவர் மெய்யாய் மனந்திரும்பி, கிறிஸ்து தமக்காக மரித்தார் என்று உறுதியாய் விசுவாசித்து நன்றி செலுத்தினால், வாயினால் உண்ணாவிட்டாலும் ஆத்தும நன்மைக்கேதுவாகக் கிறிஸ்துவின் சரீரத்தையும் இரத்தத்தையும் உண்கிறார் என்று அவருக்குப் போதிக்கச் சொல்கிறது.

இந்த இரண்டாம் குறிப்பைப் போதகர்கள் நோயாளிகளிடம் எடுத்துச் சொல்லவே இல்லை என்பது என் ஆதங்கம். ஒரு மாதம் அப்பம் கிடைக்கவில்லையென்றால் கர்த்தரை விட்டுத் தூரமாய்ப் போய்விட்டோம் என்று பல முதியவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைப் போக்க வேண்டிய இடத்தில், "ரொட்டியும் ஜூஸும் வாங்கி வையுங்கள்" என்று ஒரு வேலையைக் கொடுத்துவிடுகிறோம்.

பதிவைப் பார்த்து எடுப்பது பற்றி: இணையவழியை ஏற்கும் சபைகளும் பொதுவாக இதை ஏற்பதில்லை. நேரலையில் மறுபக்கம் ஜெபிக்கும் ஒரு சபையாவது இருக்கிறது. பதிவில் யாருமே இல்லை.

---

பதில்: நற்கருணைப் பணியாளர்

இயேசுவுக்கே புகழ்.

கத்தோலிக்க நடைமுறையின் நுணுக்கங்களைத் தருகிறேன். உபதேசம் வேறானாலும், வீட்டுக்குக் கொண்டுபோகும் முறையில் உங்களுக்கும் பயன்படுவன உண்டு.

கொண்டுபோகிறவர் குரு, திருத்தொண்டர், அல்லது நியமனம் பெற்ற பொதுநிலைப் பணியாளர். நற்கருணைப் பேழையிலிருந்து எத்தனை பேருக்கோ அத்தனை அப்பங்களை மட்டும் எண்ணி மூடியுள்ள சிமிழில் வைத்து, கழுத்தில் தொங்கும் பையில் எடுத்துச் செல்ல வேண்டும். வத்திக்கானின் 2004ஆம் வருட ஒழுங்குமுறை, கூடியவரை பேழையிலிருந்து நேராக நோயாளி வீட்டுக்கே போகச் சொல்கிறது. வழியில் வேறு சோலி பார்க்கக் கூடாது. நடைமுறையில் அதிகம் பிசகுவது இதுதான். காலையில் சிமிழை வாங்கி, காரில் வைத்துவிட்டு, கடை கண்ணி முடித்து மாலையில் போகிறவர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை வாங்கி ஞாயிறு வரை வீட்டில் வைத்திருப்பதும் கூடாது.

நோயாளி வீட்டில் ஒரு சிறு மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், மெழுகுதிரி, ஒரு டம்ளர் தண்ணீர். ஆக்சிஜன் ஓடும் அறையில் மெழுகுதிரி ஏற்றவே கூடாது. பேட்டரி விளக்கு போதும். வாழ்த்து, மனவருத்த வழிபாடு, ஒரு சிறு வாசகம், கர்த்தர் கற்பித்த ஜெபம், "இதோ இறைவனின் செம்மறி", நற்கருணை, சற்று மௌனம், மன்றாட்டு, முடிவு என்பது வரிசை. பொதுநிலையினர் முடிக்கும்போது மக்கள்மேல் சிலுவை வரைந்து ஆசீர் அளிப்பதில்லை. "ஆண்டவர் நம்மை ஆசீர்வதிப்பாராக" என்று தம்மீதே சிலுவை அடையாளம் இடுவார்.

பெறுவதற்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் விதி முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனிப்பவர்களுக்கும் இல்லை (திருச்சபைச் சட்டம் 919). இது தெரியாமல் மாத்திரைக்கு முன் சாப்பிட வேண்டிய சர்க்கரை நோயாளிகள் பட்டினி கிடக்கிறார்கள். முந்தின நாள் போனில் சொல்லிவிட வேண்டும். கவனிப்பவரும் பெற விரும்புகிறாரா என்று அதே போனில் கேளுங்கள். பல மாதங்களாகத் திருப்பலிக்கே போக முடியாதவராக இருப்பார். அவரைக் கணக்கில் சேர்க்க மறந்து ஒரே ஓர் அப்பத்தோடு போய் நிற்பது வேதனை.

கோதுமை விஷயம். சட்டம் 924இன்படி அப்பம் கலப்பில்லாத கோதுமையில் செய்ததாக, கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும். அரிசி, சோளம், மரவள்ளி அப்பம் எங்களுக்குச் செல்லாது. 2003இல் வந்த விளக்கம், குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) அறவே நீக்கிய அப்பம் செல்லாது, குறைந்த குளூட்டன் உள்ள அப்பம் செல்லும் என்கிறது. 2017இலும் அதையே உறுதிப்படுத்தினார்கள். கோதுமை மாவுச்சத்தில் செய்து, ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கும் குறைவான குளூட்டன் உள்ள அப்பங்கள் கிடைக்கின்றன. சீலியாக் (குளூட்டன் ஒத்துக்கொள்ளாத குடல்நோய்) நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அந்த அளவு பாதகமில்லை. அதுவும் ஆகாதவர் இரசத்தை மட்டும் பெறலாம், குறைவொன்றும் இல்லை. மது ஆகாதவர் அப்பத்தை மட்டும் பெறலாம். குடிநோய் உள்ள குருக்களுக்குப் புளிப்பேறாமல் நிறுத்திய திராட்சைச்சாற்றைப் பயன்படுத்த ஆயர் அனுமதி தருவதுண்டு.

கவனிக்க வேண்டியது, தெரியாமல் குளூட்டன் கலந்துவிடுவது. திருப்பலியில் குரு அப்பத்தின் ஒரு துணுக்கைக் கிண்ணத்தில் இடுவார். அந்தக் கிண்ணத்திலிருந்து சீலியாக் நோயாளி பருகக் கூடாது. துணுக்கு விழாத தனிக் கிண்ணம் வேண்டும். குறைந்த குளூட்டன் அப்பத்தையும் தனிச் சிமிழில் வைத்து, மற்ற அப்பங்களைத் தொட்ட கையால் தொடாமல் முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். அப்பத்தை ரசத்தில் தோய்த்துக் கொடுக்கும் சபைகளில் இந்தத் தவறு அன்றாடம் நடக்கிறது.

பெற இயலாதவருக்கு எங்களிடம் ஆன்மீக நற்கருணை உண்டு. 1551இல் திரெந்து பொதுச்சங்கம், வாயால் மட்டும் பெறுவோர், ஆவியில் மட்டும் பெறுவோர், இரண்டு விதத்திலும் பெறுவோர் என்று மூவகை சொன்னது. நேரலையில் பார்ப்பவருக்கு நாங்கள் சொல்லித்தரும் ஜெபத்துக்கு அதுவே அடித்தளம்.

---

பதில்: வீட்டுச்சபை விசுவாசி

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மறுபக்கத்தையும் வைக்கிறேன். இணையவழி இராப்போஜனத்தை (எங்களிடம் திருவிருந்தின் பெயர்) அனுமதிக்கிறவர்கள் எல்லாரும் அலட்சியக்காரர்கள் அல்ல.

முதல் பஸ்காவே, அதாவது எகிப்தை விட்டுப் புறப்படும் இரவில் இஸ்ரவேலர் உண்ட விருந்தே, வீடுகளில்தான் நடந்தது. யாத்திராகமம் 12இல் ஒரே இரவில், ஒரே கட்டளைப்படி, வீட்டுக்கொரு ஆட்டுக்குட்டி. அப்போஸ்தலர் 2:46இல் வீடுகள்தோறும் அப்பம் பிட்டார்கள். இரண்டு மூன்று பேர் அவர் நாமத்தில் கூடும் இடத்தில் அவர் இருக்கிறார். இராப்போஜனத்தை நினைவுகூருதலாக, கர்த்தரின் கட்டளையாக மட்டும் காணும் பாப்திஸ்து, சகோதரர் (பிரதரன்), பெந்தெகொஸ்தே சபைகளில், அப்பத்தை இன்னார் தொட்டுப் பிரதிஷ்டை செய்தால்தான் செல்லும் என்ற போதனை இல்லை. ஆகவே தூரம் ஒரு தடையென்று வேதத்திலிருந்து எங்களால் காட்ட முடியவில்லை. ஆலயமே இல்லாத தேசங்களில், மாதக்கணக்கில் கப்பலில், எண்ணெய்க் கிணறுகளில் வேலைசெய்யும் விசுவாசிகளுக்கு யார் வீடு தேடிப் போவது?

ஆனால் யூடியூபில் எல்லாருக்கும் திறந்துவிடுவது எங்கள் பார்வையிலும் தவறு. செய்வதானால் இப்படிச் செய்யுங்கள்.

இருவழி அழைப்பில் நடத்துங்கள். யூடியூப் நேரலை சாதாரணமாக 10 முதல் 30 விநாடி பின்தங்கி வரும், அதுவும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு அளவில். ஆலயத்தில் பாத்திரம் எடுக்கும்போது ஒரு வீட்டில் அப்பமே இன்னும் எடுத்திருக்க மாட்டார்கள். ஜூம் போன்ற அழைப்பில் தாமதம் ஒரு விநாடிக்கும் குறைவு, முகமும் தெரியும். போதகர் பெயர் சொல்லி அழைக்க முடியும். அது இல்லாவிட்டால் யார் உண்கிறார் என்றே தெரியாது.

இணைப்பை வாட்ஸாப் குழுக்களில் பரப்பாமல், ஞானஸ்நானம் பெற்று சபை ஐக்கியத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். சனிக்கிழமை இரவுக்குள் அப்பமும் ரசமும் ஆயத்தமா என்று ஒரு மூப்பர் கேட்டுவிட வேண்டும். கடைசி நேரத்தில் பிஸ்கட்டும் ஆரஞ்சு பானமும் மேசைக்கு வருவது இந்தக் கேள்வி கேட்கப்படாததால்தான். பாடும்போது எல்லார் ஒலியையும் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குரல்கள் மோதும். 1 கொரிந்தியர் 11:28 சொல்கிறபடி தன்னைத்தான் சோதித்தறிய இரண்டு மூன்று நிமிடம் உண்மையான மௌனம் கொடுங்கள். இணையத்தில் மௌனத்துக்குப் பயந்து பின்னணி இசை போடுகிறார்கள், வேண்டாம். அப்பத்தை எல்லாரும் கையில் எடுத்துக் காட்டிய பிறகே போதகர் உண்ணச் சொல்ல வேண்டும். இணைப்பு அறுந்துபோனால் என்ன செய்வது என்பதையும் முன்பே சொல்லிவைக்க வேண்டும்: அப்பம் எடுத்தபின் அறுந்தால், வேதபகுதியை வாசித்து வீட்டாரோடு பாத்திரத்தையும் எடுத்து முடிக்கட்டும், அதற்கு முன்பே அறுந்தால் அந்த மாதம் விட்டுவிடட்டும்.

பதிவு பற்றி வேதபாட ஆசிரியர் சொன்னதே என் கருத்தும்.

---

சபைச் செயலர்

மூவருக்கும் மிக்க நன்றி. கமிட்டி முன் வைக்க ஒரு கணக்கு வேண்டும். எழுந்து வர இயலாதவர்கள் 24 வீடுகளில் இருக்கிறார்கள். குருவானவர் ஒருவரே. அவரால் மாதந்தோறும் 24 வீடு முடியாது என்பதே நேரலை அறிவிப்புக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் காரணம். வீடுகளுக்குக் கொண்டுபோவதை நடைமுறையில் எப்படி ஒழுங்கு செய்வது?

---

பதில்: உதவிக்காரர் பணி

24 வீடு பெரிய எண் அல்ல. இரண்டு பேர் கொண்ட ஒரு குழு ஞாயிறு மதியத்துக்குள் மூன்று வீடு பார்க்கலாம். மாதத்துக்கு நான்கு ஞாயிறு என்றால் ஒரு குழு 12 வீடு. இரண்டு குழு 24 வீடு. நோய், பயணம் என்று யாராவது விடுபடுவார்கள், எனவே மூன்று குழுவாக, அதாவது ஆறு பேராகப் பயிற்சி கொடுங்கள். உங்களுக்கு முதல் ஞாயிறு மட்டுமே திருவிருந்து என்பதால் இரண்டு வழி உண்டு. மாதம் முழுவதும் திருவிருந்து நடக்கும்படி சிறு காலை ஆராதனை ஒன்றைச் சேர்ப்பது ஒன்று. முதல் ஞாயிறன்றே எட்டுக் குழு போவது மற்றொன்று. எட்டுக் குழு என்றால் 16 பேர். இதையே நான் விரும்புவேன், சபையில் அதிகம் பேர் நோயாளிகளின் வீட்டு வாசலை மிதிப்பார்கள்.

அதற்கு முன், ஆலயத்தில் பிரதிஷ்டை செய்ததை குருவானவர் அல்லாதவர் கொண்டுபோக உங்கள் சபைச்சட்டம் இடம் தருகிறதா என்று மேலிடத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். வெஸ்ட்மின்ஸ்டர் மரபுச் சபையானால் இது ஆகாது. போதகரும் ஒரு மூப்பரும் சில விசுவாசிகளும் போய் அந்த வீட்டிலேயே ஒரு சிறு ஆராதனை நடத்துவார்கள், அப்போது அந்த அறையே சபை. அப்படியானால் மாதந்தோறும் என்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று ஆகும். மாதம் எட்டு வீடு, ஒருவரால் முடிகிற அளவு.

அனுப்பும் விதம் முக்கியம். பங்கீடு முடிந்ததும், முடிவு ஆசீர்வாதத்துக்கு முன், குழுவினரைப் பீடத்துக்கு அழைத்து, போகும் வீட்டாரின் பெயர்களைச் சொல்லி ஜெபித்து, எல்லாரும் பார்க்க அவர்கள் கையில் கொடுத்து அனுப்புங்கள். வீட்டிலிருந்து நேரலையில் பார்க்கும் அந்த முதியவர் தம் பெயரைக் கேட்பார், தமக்கான அப்பம் புறப்படுவதையும் பார்ப்பார். நேரலைக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை. நோயின் விவரத்தை மட்டும் மைக்கில் சொல்லாதீர்கள்.

அளவு: சிறு கிண்ணத்தில் 7 மில்லி போதும். ஒரு வீட்டில் உடன் உண்பவர்களோடு நான்கு பேர் என்றால் 28, மூன்று வீட்டுக்கு 84 மில்லி. 100 மில்லி கொள்ளும், இறுக்கமாகத் திருகி மூடும் கண்ணாடிப் புட்டி சரி. அழுத்தி மூடும் தக்கை வேண்டாம், வண்டியின் குலுக்கலில் கசியும். முதல் தடவை தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்து வைத்துச் சோதியுங்கள். புளிப்பேறாத திராட்சைச்சாறானால் காலையில் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்ததை அன்றே முடித்துவிட வேண்டும். வெயிலில் நின்ற காரில் சில மணி நேரத்திலேயே சுவை மாறத் தொடங்கும்.

அப்பமும் ரசமும் ஒரே பொதியில் வரும் அடைத்த கிண்ணங்களை வாங்க ஆசைப்படுவார்கள். மேலே மெல்லிய தாளுக்குக் கீழே அப்பம், அதற்கும் கீழே இன்னொரு தாளுக்குள் ரசம். நடுங்கும் விரல்களால் மேல்தாளை மட்டும் தனியே பிரிக்க முடியாது. இரண்டும் சேர்ந்து கிழிந்து மடியில் கொட்டும். வாங்கினால் உடன் போகிறவர் பிரித்துக் கொடுக்க வேண்டும், பொதியின் தேதியும் பார்க்க வேண்டும்.

விழுங்குவதைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். பக்கவாதம், பார்க்கின்சன் நோய், மறதிநோய் முற்றியவர்களில் பலருக்கு மெல்லிய திரவம் மூச்சுக்குழலில் போய்விடும். தண்ணீரையே கெட்டியாக்கிக் குடிப்பவருக்கு ரசத்தைக் கிண்ணத்தில் கொடுக்கவே கூடாது. கவனிப்பவரைக் கேட்டு, அவர் சொல்லும் விதத்தில், அப்பத்தின் கால் துண்டை ரசத்தில் ஊறவைத்துக் கரண்டியில் கொடுக்கலாம். தலையணை வைத்து நிமிர்ந்து உட்காரவைத்தபின் கொடுத்து, அரைமணி நேரம் அப்படியே இருக்கச் சொல்லுங்கள். விழுங்கும் சிக்கல் இல்லாதவர்களுக்கும் வாய் உலர்ந்திருந்தால் மெல்லிய அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், முன்பே ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தால் ஒட்டாது. குடியை விட்டவர் இருக்கும் வீட்டுக்கு மது கொண்டுபோகாதீர்கள், வாசனையே போதும் அவரைச் சோதிக்க.

மருத்துவமனையில், வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது என்ற உத்தரவு இருக்கிறதா என்று செவிலியரிடம் கேட்டபின்தான் பையைத் திறக்க வேண்டும். இருந்தால், ஜெபப்புத்தகக் குறிப்பு சொல்வதை நோயாளிக்கு வாசித்துக் காட்டி ஜெபியுங்கள். உறவினர் வற்புறுத்தினாலும் "ஒரு சொட்டுதானே" என்று இறங்கிவிடாதீர்கள்.

எப்போதும் இருவராகவே போங்கள். முந்தின மாலை போன் செய்யுங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர் அந்த வாரம் போகக் கூடாது. கையைச் சோப்பால் கழுவியபின் தொடங்குங்கள். அன்றைய பிரசங்க வேதபகுதியையே வாசியுங்கள், அப்போது அவரும் அதே ஞாயிறில் சேர்கிறார். 20 நிமிடம் போதும், பாதி நேரம் அவர் பேசட்டும். பணம், சொத்து, கையெழுத்து சம்பந்தமான எதிலும் தலையிடக் கூடாது. காணிக்கை கொடுத்தால் உறையில் போட்டுப் பெயரெழுதி இருவரும் கையொப்பமிட்டு ஒப்படையுங்கள். ஒரு நோட்டில் தேதி, வீடு, போனவர்கள் மட்டும் எழுதுங்கள்.

மீந்ததை என்ன செய்வது என்பதைக் குழுவின் முடிவுக்கு விடாதீர்கள். ஆங்கிலிக்கன் சபையில் அங்கேயே பயபக்தியாய் உண்டு பருகிவிட வேண்டும். லுத்தரன் சபைகள் பலவற்றிலும் அப்படியே. மற்றச் சபைகளிலும் குப்பையில் போடுவதும் வாஷ்பேசினில் ஊற்றுவதும் பார்ப்பவர் மனதைப் புண்படுத்தும். மூன்றாம் வீட்டில் முடித்துவிடும்படி எண்ணிக் கொண்டுபோங்கள்.

---

பதில்: வேதபாட ஆசிரியர்

வீட்டுச்சபை சகோதரர் பஸ்காவை எடுத்தது நல்லது. அதே பஸ்காவைப் பற்றி எண்ணாகமம் 9:6-13ஐயும் வாசியுங்கள். குறித்த நாளில் சிலர் பிரேதத்தினால் தீட்டுப்பட்டு பஸ்காவை ஆசரிக்க முடியாமற்போனார்கள். எங்களை ஏன் விலக்க வேண்டும் என்று மோசேயிடம் முறையிட்டார்கள். கர்த்தர் அவர்களையும் தூரப்பிரயாணத்தில் இருப்பவரையும் தள்ளிவிடவில்லை. இரண்டாம் மாதம் பதினாலாந்தேதி என்று இன்னொரு நாளைக் கொடுத்தார், முறைமையில் ஒன்றையும் குறைக்கவில்லை. ஆனால் சுத்தமாயிருந்தும், பிரயாணத்தில் இல்லாமலும், ஆசரிக்காமற்போனவனைப் பற்றி 13ஆம் வசனம் கண்டிப்பாகப் பேசுகிறது. இயலாதவருக்கு இன்னொரு நாள், விரும்பாதவருக்கு எச்சரிப்பு. நான் முதலில் பிரித்துச் சொன்ன வகைகள் அங்கேயே இருக்கின்றன.

யாத்திராகமம் 12:4ஐயும் சேர்த்துப் பாருங்கள். ஓர் ஆட்டுக்குட்டிக்குப் போதாத சிறு வீட்டார் அயல்வீட்டாரோடு சேர வேண்டும். தனியாகப் புசிக்கச் சொல்லவில்லை. 1 கொரிந்தியர் 11இல் பவுல் கண்டிப்பதும், ஒருவர் முந்தி உண்ண மற்றவர் பசியாயிருப்பதைத்தான். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று முடிக்கிறார். கப்பலிலும் எண்ணெய்க் கிணற்றிலும் இருப்பவர்களைப் பற்றி சகோதரர் கேட்டது நியாயமான கேள்வி. அங்கே இரண்டு மூன்று விசுவாசிகள் ஒன்றுகூடினால், உங்கள் உபதேசப்படி அதுவே சபை, திரைகூடத் தேவையில்லை. எங்கள் உபதேசப்படி அவர்கள் திரும்பி வரும் நாளில் பெறுவார்கள். அதுவரை அவர்களுக்கு ஒன்றும் குறைவதில்லை.

ஷிப்ட் வேலைக்காரர்களுக்குப் பதில் இந்த இரண்டாம் பஸ்காதான். முதல் ஞாயிறை அடுத்த புதன் அல்லது வியாழன் மாலை, 40 நிமிடத்தில் முடியும் சிறு திருவிருந்து ஆராதனை வையுங்கள். பிரசங்கம் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பாடகர் குழுவும் வேண்டாம். நான்கு பேர் வந்தாலும் நடத்துங்கள். 1662 ஜெபப்புத்தகம் சிறு பங்குகளில் குருவானவரோடு மூன்று பேர் உண்டாலே போதும் என்கிறது.

மாற்றத்தை ஒரே ஞாயிறில் திணிக்காதீர்கள். வீட்டில் எடுத்துவந்தவர்களில் பலர் பக்தியோடு செய்தவர்கள். இத்தனை வருடம் எடுத்தது பாவமா என்று கலங்குவார்கள். நெருக்கடியில் சபை சொன்னபடி செய்தார்கள், அதில் அவர்கள் மேல் குற்றமில்லை என்று குருவானவரே பிரசங்கபீடத்திலிருந்து சொல்ல வேண்டும். 24 வீடுகளுக்கும் முதல் சந்திப்பு முடிந்த பிறகே பழைய அறிவிப்பை எடுங்கள், ஒருவரும் ஒரு மாதம்கூட வெறுமையாய் விடப்படக் கூடாது. புதிய அறிவிப்பு இப்படி இருக்கலாம்: "நேரலையில் இணைந்திருப்பவர்கள் இப்போது திரையில் வரும் ஜெபத்தை எங்களோடு ஜெபியுங்கள். ஆலயத்துக்கு வர இயலாதவர்கள் சபை அலுவலகத்துக்குத் தெரியப்படுத்துங்கள், திருவிருந்து உங்கள் வீட்டுக்கு வரும். புதன் மாலை ஆராதனையிலும் திருவிருந்து உண்டு."

பங்கீடு நடக்கும்போது கேமராவைப் பீடத்தின்மேல் நிறுத்திவையுங்கள். முழங்காலில் நிற்பவர்களின் முகங்களைக் கிட்டத்தில் காட்ட வேண்டாம், அழுகிறவர்களும் இருப்பார்கள், பெறாமல் உட்கார்ந்திருப்பவர்களும் இருப்பார்கள். அந்த வேளையில் 1 கொரிந்தியர் 11:23-26ஐயும் ஜெபத்தையும் பெரிய எழுத்தில் திரையில் போடுங்கள்.